மலையகத்தில் சிறு விவசாயம் செய்கிறவர் ஏன் கடனிலேயே இருக்கிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மரக்கறி, தேயிலை, பால் என்று சிறிய அளவில் செய்து பிழைக்கும் குடும்பங்களைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அக்கறையில் கேட்பவர்களும் உண்டு, கோபத்தில் கேட்பவர்களும் உண்டு. சில கேள்விகள் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளிடமிருந்தே வந்தவை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே உழைப்புக்குக் குறைவில்லை, மண்ணும் மோசமில்லை. ஆனால் நட்டம் வந்தால் அதை முழுதாகச் சுமக்கிறவரின் கையில் காணிக்கான காகிதம் இல்லை. காகிதம் இல்லாததால் அவரை விவசாயி என்று எந்தப் பதிவேடும் ஏற்பதில்லை. மற்றப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளை பிரிகின்றன.

மலையகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் தோட்டத் தொழிலாளர்கள்தானே? சிறு விவசாயி என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கொழும்பில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். உள்ளே வந்து பார்த்தால் பல வகையினர் இருக்கிறார்கள்.

வெலிமடை, போரலந்த, கெப்பெட்டிபொல, கந்தப்பளை, ராகலை, உடப்புசல்லாவை பக்கம் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி, பீட்ரூட், உருளைக்கிழங்கு செய்கிறவர்கள் ஒரு வகை. இவர்களில் சிங்களக் கிராமத்தவரும் தமிழரும் முஸ்லிம்களும் உண்டு. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் தேயிலை வைத்துக் கொழுந்தை லொறிக்காரரிடம் கொடுக்கிறவர்கள் இன்னொரு வகை. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் இருக்கும் வரிசை வீடுகளுக்கு) பின்னால், ஓடைக்கரையில், கைவிடப்பட்ட தேயிலை மலையின் ஓரத்தில் பாத்தி கட்டி மரக்கறி போடும் தோட்டக் குடும்பங்கள் மூன்றாவது வகை. ஒன்றிரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர்கள் எல்லா வகையிலும் இருப்பார்கள்.

நான் அதிகம் பேசப் போவது அந்த மூன்றாவது வகையினரைப் பற்றி. தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு, அதாவது வேலையை விட்டு வந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வீட்டில் ஒருவர் மட்டும் தேயிலை மலைக்கு வேலைக்குப் போக மற்றவர் மரக்கறி பார்க்கும் குடும்பங்கள். தோட்ட நிர்வாகத்தின் கணக்கில் இவர்கள் தொழிலாளர் குடும்பம், விவசாயிகளைப் பதிந்து மானியம் கொடுக்கும் கமநல சேவை நிலையத்தின் கணக்கில் எதுவுமே இல்லை.

வறுமை எவ்வளவு இருக்கிறது? எண்ணிக்கையில் சொல்லுங்கள்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 குடும்ப வருமான, செலவின ஆய்வின்படி நாட்டின் வறுமை வீதம் 14.3. நகரத்தில் 6.0, கிராமத்தில் 15.0, தோட்டப்புறத்தில் 33.8. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு.

உத்தியோகபூர்வ வறுமைக் கோடு 2025இல் ஓர் ஆளுக்கு மாதம் 16,000 ரூபாயைச் சற்றுத் தாண்டியது. மாதச் சம்பளக்காரருக்கு இந்த அளவுகோல் பொருந்தும். விவசாயிக்கு வருடத்தில் மூன்று தடவை மொத்தமாகப் பணம் வரும், வந்த அன்றே உரக்கடைக்கும் நகை அடகுக் கடைக்கும் போய்விடும். அந்தக் கிழமையில் கேட்டால் அவர் கோட்டுக்கு மேலே இருப்பார், இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் அரிசிக்கே கடன் சொல்லிக்கொண்டிருப்பார்.

நூற்றைம்பது வருடம் இருந்தவர்களுக்குக் காணி இல்லாமல் போனது எப்படி?

1840இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத மேட்டு நிலத்தை எல்லாம் அரசின் சொத்தாக்கியது. கண்டிய விவசாயிகள் சேனை செய்த, மாடு மேய்த்த நிலம் கோப்பித் தோட்டமாக மாறியது. 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கிராமத்தவர் நிலத்தை இழந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வரப்பட்டவர்களோ நிலம் என்று ஒன்று இல்லாமலே லயத்தில் குடியேற்றப்பட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஏழைச் சமூகங்களும் ஒரே சட்டத்தின் இரண்டு பக்கத்தில் நிற்கின்றன என்பதை நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. பேசியிருந்தால் பல சண்டைகள் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பிறகு 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. பிரஜை இல்லாதவருக்கு அரச காணி எப்படிக் கிடைக்கும்? 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையானபோது, பிரித்துக் கொடுக்கப்பட்ட காணியில் அங்கேயே வேலை செய்தவர்களுக்குச் சொல்லும்படி எதுவும் வரவில்லை. பல இடங்களில் அவர்கள் இருந்த இடத்திலிருந்தும் விரட்டப்பட்டார்கள். இந்தியாவோடு செய்த 1964, 1974 ஒப்பந்தங்களால் லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். எஞ்சியவர்களின் பிரஜாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது. அரசு காணி பங்கிட்ட காலமெல்லாம் இவர்கள் வரிசையிலேயே இல்லை.

காகிதம் இல்லாவிட்டாலும் பயிர் செய்ய விடுகிறார்கள்தானே? அதில் என்ன குறை?

விடுகிறார்கள், துரை (தோட்ட முகாமையாளர்) மாறும் வரைக்கும். புதிய துரை வந்து அந்த மலையில் மீள்நடுகை என்றோ மரம் வைக்கப் போகிறோம் என்றோ சொன்னால், பிடுங்காத பயிரோடு இடத்தை விட வேண்டியதுதான். அதனால் யாரும் அந்த நிலத்தில் கல் அடுக்கி வரம்பு கட்டுவதில்லை, தண்ணீர்க் குழாய் இழுப்பதில்லை, பழமரம் வைப்பதில்லை. மூன்று மாதத்தில் எடுக்கக்கூடியதை மட்டும் போடுவார்கள். சரிவில் வரம்பில்லாமல் வெட்டினால் மேல்மண் மழையில் போகும். அடுத்த போகத்துக்கு இன்னும் கூட உரம் போட வேண்டும். அவர்கள் மண்ணைக் கெடுக்கிறார்கள் என்று அதிகாரிகள் குறை சொல்கிறார்கள். அடுத்த வருடம் தனக்கு இருக்குமா என்று தெரியாத மண்ணில் யார்தான் பணத்தைக் கொட்டுவார்கள்?

இன்னொரு பக்கமும் உண்டு. வங்கிக்குப் போனால் பிணை கேட்பார்கள். கமநல சேவை நிலையத்தில் மானியத்துக்கும் நட்டஈட்டுக்கும் காணி விபரம் கேட்பார்கள். பயிர்க் காப்புறுதிக்கும் அதே கேள்வி. காணியை வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். மானியம் வந்தால் அது காணிச் சொந்தக்காரரின் பெயருக்கு வரும், மருந்தடித்து முதுகு உடைந்தவர் பெயருக்கு வராது.

கடையில் கரட் கிலோ 300, 400 என்று விற்கிறதே. விவசாயிக்கு நல்ல காசு கிடைத்திருக்குமே?

ஒரு துண்டுச் சீட்டைப் படித்துக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்குச் சொல்பவை, நாளுக்கு நாள் மாறும். கழிவுகளின் வரிசை மட்டும் மாறாது.

ஒருவர் 10 மூட்டையில் 400 கிலோ கரட் அனுப்புகிறார். அன்றைக்கு மொத்தச் சந்தையில் கிலோ 120. மூட்டைக்கு 2 கிலோ 'கழிவு' என்று எடையிலேயே குறைத்துவிடுவார்கள், மிச்சம் 380 கிலோ. அதன் விலை 45,600 ரூபாய். அதில் கமிஷன் பத்து வீதம், 4,560. லொறிக் கூலி கிலோவுக்கு 15 என்றால் 6,000. சாக்கு 800. சந்தையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாருக்கு இறக்குக் கூலி 1,000. கைக்கு வருவது 33,240. கரட்டைப் பிடுங்கி, கட்டி, கழுவி லொறிக்கு ஏற்ற ஆறு பேர் ஒரு நாள் நின்றிருப்பார்கள். ஆளுக்கு 1,800 போட்டால் 10,800. மிச்சம் 22,440, அதாவது கிலோவுக்கு 56 ரூபாய். விதை, கோழி எரு, இரசாயன உரம், மருந்து, குத்தகை, மூன்று மாதத்துக்கு மேலாகப் புருஷனும் பெண்டாட்டியும் செய்த வேலை எல்லாம் அந்த 56க்குள் அடங்க வேண்டும்.

அதே கரட் கொழும்பில் 300க்குப் போயிருக்கும். விலை 120 இருந்த நாளின் கணக்கு இது. 50க்கு விழுந்த நாளில் பிடுங்குகிற கூலிகூட வராது. அப்போது, “அண்ணே, இந்தக் கிழமை புடுங்காதீங்க, டவுன்ல விலையே இல்ல” என்று லொறிக்காரர் சொல்வார். அவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கரட் எத்தனை நாள் மண்ணில் காத்திருக்கும்? வெடித்துவிடும். வெடித்த கரட் மாட்டுக்குத்தான்.

அப்படியென்றால் இடைத்தரகர்களை ஒழித்துவிட்டால் போதாதா?

மேடையில் கைதட்டு வாங்கும் பேச்சு அது. நடைமுறையில் அந்தத் தரகர்தான் விதைக்கு முற்பணம் கொடுப்பவர், வீட்டில் சாவு விழுந்தால் இரவோடு இரவாகக் காசு கொண்டுவந்து கொடுப்பவர், லொறி வைத்திருப்பவர். வங்கியும் கூட்டுறவும் செய்ய வேண்டிய வேலையை அவர் செய்கிறார், அதற்கான கூலியைத் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்கிறார். அவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காவிட்டால், அடுத்த போகத்துக்கு விதை வாங்கக் காசு கொடுக்க ஆளிருக்காது.

நான் கேட்பது இதை விடச் சின்ன விஷயம். தராசு வெளிப்படையாக இருக்கட்டும், மூட்டைக் கழிவு ஒழியட்டும், விற்ற விலை எழுதிய சீட்டு கைக்கு வரட்டும். தம்புள்ளை, கெப்பெட்டிபொல, நுவரெலியா பொருளாதார மத்திய நிலையங்களிலும் பேலியகொடை மெனிங் சந்தையிலும் இந்த மூன்றையும் கட்டாயமாக்கப் பெரிய சட்டமெல்லாம் தேவையில்லை. பத்து, பதினைந்து பேர் சேர்ந்து ஒரே லொறியில் அனுப்பினால் பேரம் பேசும் பலமும் கூடும். நம் ஆட்கள் சேர்வதில்லை என்கிறார்கள். சீட்டுப் பிடிக்கவும், கோயில் திருவிழா நடத்தவும், மரண உதவிச் சங்கம் நடத்தவும் சேர்கிறார்களே! சேர்ந்து விற்க முதலில் யாராவது ஒரு தடவை லொறிக் கூலியைக் கையிலிருந்து போட வேண்டும். அந்தக் காசுதான் இல்லை.

விலை விழும் என்று தெரிந்தும் எல்லாரும் ஒரே பயிரைப் போடுவது ஏன்?

போன போகத்தில் லீக்ஸ் போட்டவர் கடனை அடைத்ததை எல்லாரும் பார்த்திருப்பார்கள். கடனில் இருப்பவர் அதைத்தான் போடுவார். எந்தப் பிரதேசத்தில் எத்தனை ஏக்கர் எந்தப் பயிர் நட்டிருக்கிறது என்று நடுகைக் காலத்திலேயே விவசாயிக்குச் சொல்லும் ஏற்பாடு இருந்தால் கொஞ்சமாவது மாறும்.

உருளைக்கிழங்கு செய்தவர்கள் பணக்காரர் ஆனார்கள் என்று தாத்தா சொல்வார். உண்மையா?

ஒரு காலத்தில் உண்மை. இறக்குமதி இல்லாத எழுபதுகளில் வெலிமடையிலும் நுவரெலியாவிலும் கிழங்கு செய்து கல்வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இன்றைக்குக் கிழங்கு செய்வது துணிச்சல்காரர் வேலை. ஓர் ஏக்கருக்கு ஆயிரம் கிலோவை ஒட்டி விதைக்கிழங்கு வேண்டும், முதலீட்டில் பெரும் பங்கு அதற்கே போய்விடும். விளைந்து வரும் நேரத்தில் இறக்குமதிக் கிழங்கு சந்தையில் குவிந்தால் விலை சரியும். இறக்குமதியின் மேல் விதிக்கும் விசேட பண்ட வரியை அரசு ஒரு வர்த்தமானியில் ஏற்றும், இன்னொன்றில் இறக்கும். நகரத்துக்காரருக்கு மலிவு வேண்டும், வெலிமடைக்காரருக்கு விலை வேண்டும். இரண்டும் நியாயம்தான். ஆனால் வரியை அறுவடை நேரத்தில் மாற்றுவது நியாயமில்லை. நடுவதற்கு முன்பே இந்த வருடம் இதுதான் வரி என்று சொல்லிவிட்டால், நடுவதா விடுவதா என்று அவர் முடிவு செய்துகொள்வார்.

வெலிமடைப் பக்கம் வயலில் பெரும்போகத்துக்கு நெல்லும் சிறுபோகத்துக்குக் கிழங்கும் மாற்றிச் செய்யும் வழக்கம் மண்ணுக்கு நல்லது. நுவரெலியா மேட்டு நிலத்தில் அதே பாத்தியில் மாற்றி மாற்றிக் கிழங்கும் கோவாவுமே போட்டதில் நூற்புழுவும் வேர்முடிச்சு நோயும் ஊன்றிவிட்டன.

தேயிலைச் சிறு தோட்டக்காரர்கள் பரவாயில்லையா?

மரக்கறிக்காரரோடு ஒப்பிட்டால், ஆம். மாதாமாதம் காசு வரும். நாட்டின் தேயிலையில் பத்தில் ஏழு பங்குக்கும் மேலே சிறு தோட்டங்களிலிருந்து வருகிறது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் இதில் இருக்கிறார்கள். பெரும் பகுதியினர் இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கம், மலையகத்தில் கண்டி, நுவரெலியா, பதுளையில். ஒருவரிடம் இருப்பது சராசரியாக ஓர் ஏக்கரைக்கூட எட்டாது.

இவர்களுக்கு ஒரு விலைச் சூத்திரம் இருக்கிறது. தொழிற்சாலை தூளை விற்ற சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. நூறு கிலோ கொழுந்தில் 21.5 கிலோ தூள் என்று கணக்கு. தூள் கிலோ 1,200 ரூபாய்க்கு விற்றால் கொழுந்துக்குக் கிலோ ஏறக்குறைய 175 வர வேண்டும். மரக்கறிக்காரருக்கு இப்படி ஒரு சூத்திரமே கிடையாது. அதனால்தான் தேயிலைக்காரரைப் பரவாயில்லை என்றேன்.

ஓட்டை இருப்பது வேறு இடத்தில். மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் என்று லொறிக்காரர் எடையில் கழிப்பார். எவ்வளவு கழிக்கலாம் என்று அளக்க அவரிடம் கருவி எதுவும் இல்லை, கண்தான் கருவி. வயதான மரத்தைப் பிடுங்கிப் புது மரம் வைத்தால் வருடக்கணக்கில் அந்தத் துண்டில் வருமானம் இல்லை. மானியம் இருந்தாலும் அரை ஏக்கர்காரரால் அத்தனை நாள் பொறுக்க முடியாது. கவ்வாத்து வெட்டிய (மரத்தைத் தாழ வெட்டித் துளிர்க்க விட்ட) வருடத்துக்கும் அதே பாடு. கூலிக்கு ஆள் வைத்துக் கொழுந்தெடுத்தால் வருகிறதில் பெரும் பங்கு அங்கே போய்விடும்.

2021 உரத்தடை அவ்வளவு பெரிய அடியா?

ஆம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானியில் நிறுத்தப்பட்டது. தயாராக மாற்று எதுவும் இருக்கவில்லை. நவம்பரில் தடையை நீக்கினார்கள், அதற்குள் நாட்டில் டொலர் இல்லை. 2022இல் யூரியா மூட்டை திறந்த சந்தையில் 30,000 ரூபாயையும் தாண்டி விற்றது. தேயிலை உற்பத்தி 2021இல் 299 மில்லியன் கிலோவாக இருந்தது, 2022இல் 251 மில்லியனுக்கு இறங்கியது.

பெரிய கம்பனி ஒரு கெட்ட வருடத்தைக் கணக்குப் புத்தகத்தில் தாங்கிக்கொள்ளும். மரக்கறிக்காரர் அந்த வருடம் அடகு வைத்த தாலிக்கொடியை இன்றைக்கும் மீட்கவில்லை. உரம் போடாமல் விட்ட தேயிலை மரம் இரண்டு வருடம் கழித்தும் பழைய கொழுந்தைக் கொடுக்கவில்லை.

இயற்கை விவசாயத்துக்கு எதிரானவரா நீங்கள்?

இல்லை. மாட்டெருவும் கூட்டெருவும் போட்டுப் படிப்படியாக மாறுகிறவர்களை நான் மதிக்கிறேன். அது மூன்று, நான்கு வருட வேலை. காணி நிச்சயமாக இருப்பவருக்குத்தான் அது முடியும்.

கடன் எங்கே வாங்குகிறார்கள்?

முதலில் உரக்கடை. காசில்லாமல் உரமும் மருந்தும் தருவார், அறுவடையில் கழிப்பார். கடன் விலை கைக்காசு விலையை விடக் கூட. பிறகு நகை அடகு. பிறகு நுண்கடன் கம்பனிகள். பெண்களைக் குழுவாக உட்கார வைத்து, ஒருவருக்கு மற்றவர் பிணை என்று எழுதிக்கொண்டு கொடுப்பார்கள். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். கரட் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் காசு தரும், கடனோ ஏழு நாளைக்கு ஒரு தடவை கேட்கும். முதல் கடனைக் கட்ட இரண்டாவது, இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. ஒரே லயத்தில் நாலைந்து கம்பனிகளின் அட்டை வைத்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். வசூலுக்கு வருகிறவரைக் கண்டு தேயிலைக்குள் போய் ஒளிந்திருக்கிறார்கள். உழைத்துக் களைத்த ஒரு தாய் தன் வீட்டு வாசலில் இருந்து ஓடி ஒளிய வேண்டியிருப்பதை எந்தப் பொருளாதாரக் காரணத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

பால் மாடு உள்ள வீட்டில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. தினம் ஊற்றுகிற பாலுக்கு முறையாகக் காசு வரும், தவணையை அதில் சமாளிப்பார்கள். புதிதாகக் கடன் எடுக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, தவணை நாளும் காசு வரும் நாளும் பொருந்துகிறதா என்பதைத்தான்.

குடித்தே அழிகிறார்கள், அதனால்தான் வறுமை என்கிறார்களே?

குடி இருக்கிறது. பல குடும்பங்களை அது உடைத்திருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் குடிக்காத வீட்டையும் போய்ப் பாருங்கள். அதிகாலையில் எழுந்து பனியில் லீக்ஸ் கட்டுகிற, கோயிலுக்குப் போகிற, பிள்ளையை உயர்தரம் படிக்க வைக்கிற வீட்டுக்காரரும் அதே உரக்கடையில் கடன்தான். முன்பு சொன்ன 56 ரூபாய் கணக்கில் எங்கேயும் சாராயம் இல்லை.

மரக்கறி விளையும் இடத்தில் பிள்ளைகளுக்குப் போஷாக்குக் குறைவு எப்படி?

2016 சனத்தொகை சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம். நல்ல கரட் லொறியில் போகும். வீட்டுக்கு முறிந்ததும் சின்னதும். பாலைத் தவணைக்காக ஊற்றிவிடுவார்கள். முட்டை, மீன் வாங்கக் கையில் காசு இருக்காது. காலையில் ரொட்டியும் சம்பலும், மத்தியானம் சோறும் ஒரு கறியும். தாய் விடியும் முன்னே மலைக்குப் போவதால் கைக்குழந்தை பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் இருக்கும்.

பெண்களின் நிலை தனியாகச் சொல்ல வேண்டுமா?

வேண்டும். களை எடுப்பது, நாற்று நடுவது, கொழுந்து பறிப்பது எல்லாம் பெரும்பாலும் அவர்கள். லொறிச் சீட்டில் இருப்பது ஆம்பிளைப் பெயர். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் பெர்மிட் காணியில், பின்னுரிமையாளரை (தனக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை) குறிப்பிடாமல் ஒருவர் இறந்தால் பிள்ளைகளில் மகன்மாருக்கே முன்னுரிமை என்று வரிசை இருந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. பெர்மிட் உள்ள வீட்டார் பிரதேச செயலகத்தில் பின்னுரிமையாளர் பெயரை இன்றே பதிந்துகொள்ளுங்கள். மகளின் பெயரையும் எழுதலாம்.

காட்டு விலங்குகளின் தொல்லை?

பன்றி, முள்ளம்பன்றி, குரங்கு. ஒரே இரவில் ஒரு பாத்தி கிழங்கு போய்விடும். காவல் இருந்தால் தூக்கம் போகும். வேலி போடலாம், ஆனால் அதுவும் சொந்தக் காணியாக இருந்தால்தான்.

மண்சரிவும் புயலும் வந்தால் நட்டஈடு கிடைக்காதா?

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாட்டில் 600க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. அதில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மண்சரிவுகள் மிக மோசமானவை. பயிரோடு மண்ணும் போனது, பாதை உடைந்ததில் விளைந்திருந்த மரக்கறியும் அழுகியது.

நட்டஈட்டுக்கு முதல் கேள்வி, உங்கள் பயிர்ச்செய்கை எங்கே பதியப்பட்டிருக்கிறது என்பதுதான். தோட்டக் காணியில் பாத்தி போட்டவரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. இறந்துபோன தன் உழைப்புக்குச் சாட்சி இல்லாதவராக அவர் அந்த மேசைக்கு முன்னால் நிற்கிறார். இந்த விஷயத்தில் அரசாங்கத்துக்கு நான் வைக்கும் கோரிக்கை ஒன்றே ஒன்று: காணியின் சொந்தக்காரர் யார் என்பதை விட்டுவிட்டு, பயிர் செய்தவர் யார் என்பதைப் பதியுங்கள். கிராம உத்தியோகத்தரும் விவசாய உத்தியோகத்தரும் நேரில் பார்த்து உறுதிப்படுத்தினால் போதும்.

வீடு கட்ட 7 பேர்ச், 10 பேர்ச் காணி கொடுக்கிறார்களே. அதோடு தீர்ந்துவிடுமா?

வீட்டுக்கு அது மிகப் பெரிய விஷயம். ஒரு முகவரியும் உறுதியும் கிடைப்பது லயத்தில் பிறந்தவருக்கு எவ்வளவு பெரியது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும் வரை சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடவே தடை இருந்தது, பாதை போடக்கூட.

விவசாயத்துக்கு அது போதாது. ஓர் ஏக்கர் 160 பேர்ச். பத்து பேர்ச்சில் வீட்டைக் கட்டினால் மிச்சத்தில் கறிவேப்பிலையும் நாலு கத்தரியும் வைக்கலாம். கைவிடப்பட்டுக் காடேறிக் கிடக்கும் தேயிலைக் காணிகளை நீண்ட காலக் குத்தகையாக, எழுத்தில், அங்கேயே பயிர் செய்யும் குடும்பங்களுக்குக் கொடுக்க வேண்டும். கம்பனிகள் சில இடங்களில் தேயிலையைக் குடும்பத்துக்குப் பிரித்துப் பராமரிக்கக் கொடுக்கின்றன. அதுவும் ஒரு வழிதான், ஆனால் காலமும் விலையும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வையுங்கள்.

வறிய குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் அஸ்வெசும உதவிப் பணம் கிடைக்கிறதுதானே?

சிலருக்குக் கிடைக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து மிக வறிய பிரிவுக்கு மாதம் 17,500 ரூபாய் வரை, வறிய பிரிவுக்கு 10,000 வரை. பட்டினியை அது தள்ளிப்போடும். விட்டுப்போனவர்கள் மேன்முறையீடு செய்ய வேண்டும். படிவத்தை நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நிரப்பிக் கொடுங்கள்.

அப்பா தோட்டக் காணியில் மரக்கறி செய்கிறார். நாங்கள் இப்போது என்ன செய்யலாம்?

முதலில் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்: நட்ட திகதி, எவ்வளவு நிலம், எவ்வளவு விற்றது. உரக்கடைப் பில், லொறிச் சீட்டு எதையும் எறியாதீர்கள். போகத்துக்கு ஒரு தடவை பயிரோடு அப்பாவை நிற்க வைத்து, திகதி விழும்படி போனில் படம் எடுங்கள். நாளைக்கு நட்டஈடு கேட்கும்போது கையில் இருக்கும் சாட்சி இதுதான்.

அதை எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போய்ப் பயிர்ச்செய்கையைப் பதியக் கேளுங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். தமிழிலேயே எழுதலாம், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். பயிர் நோய்க்கு 1920 என்ற விவசாயத் திணைக்கள இலக்கத்தை அழையுங்கள். உரக்கடைக்காரர் சொல்கிற மருந்தை மட்டும் நம்பி அடிக்காதீர்கள், மருந்து விற்பதுதான் அவர் தொழில். மழை விடாமல் பெய்து சரிவில் வெடிப்புக் கண்டால் பயிரைப் பார்க்காமல் இடத்தை விட்டு வந்துவிடுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல்லுங்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். பணம் அனுப்பினால் உதவியாக இருக்குமா?

உறவினருக்கு அனுப்புவதாக இருந்தால், கடனை அடைக்க என்று கேட்பதற்கு முன்னால் நடுகை நேரத்தில் அனுப்புங்கள். விதைக்கும் உரத்துக்கும் கைக்காசு இருந்தால் அவர் யாரிடமும் முற்பணம் வாங்க மாட்டார், விளைந்ததை விரும்பிய இடத்தில் விற்பார். ஊருக்கே செய்ய விரும்பினால் பத்துக் குடும்பம் சேர்ந்து பயன்படுத்தத் தராசு ஒன்று, கரட் கழுவும் தொட்டி ஒன்று, முதல் சில தடவைக்கான லொறிக் கூலி. கணக்கை ஊரில் உள்ள இரண்டு பெண்கள் பார்க்கட்டும். மரண உதவிச் சங்கத்துக் கணக்கை எத்தனையோ வருடமாக ஒரு சதம் பிசகாமல் பார்த்து வருவது பல இடங்களில் அவர்கள்தான்.